அத்தானுக்கு எழுதிய நாலு பக்கம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: தொழிற்பயிற்சி விடுதி, ஏழாம் அறை, ஜன்னலோரக் கட்டிலில் வசிக்கும் உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. இடப்பக்கம் பதினோரு முடி, வலப்பக்கம் ஒன்பது. எண்ணிக்கை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நடைபெற்றது. வலப்பக்கம் தோல்வியை ஏற்க மறுத்து மறு எண்ணிக்கை கேட்டிருக்கிறது. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.

நான் சௌக்கியம். நீ, அத்தான், உன் மாமியார், எல்லோருக்கும் மேலாக என் மருமகள் குண்டு பல்பு, எல்லோரும் சௌக்கியமா? அவளுக்குத் தலையில் முடி வந்ததா, இன்னும் அப்படியே பளபளவென்று எரிந்துகொண்டிருக்கிறாளா?

எங்கள் வார்டனுக்கு சைலன்சர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் உள்ளே வந்தால் சத்தம் நின்றுவிடும். போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் அவர் வாசல் மணியின் வயரைக் குளியலறை விளக்கு சுவிட்சில் கொண்டுபோய் இணைத்துவிட்டான். அவர் குளிக்கப் போய் சுவிட்சைப் போட்டால் மணி அடிக்கிறது. துண்டோடு ஓடி வந்து கதவைத் திறந்தால் யாரும் இல்லை. மூன்று நாள் நடந்தது இந்த நாடகம். கடைசியில், "இவ்வளவு நீட்டா வயரிங் பண்றவன் இந்தக் கட்டடத்துலயே ஒருத்தன்தான்டா" என்று என் காதைப் பிடித்துவிட்டார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தண்டனை, இரண்டு வாரம் படிக்கட்டு துடைப்பது.

துடைக்கும்போது நம் பழைய ஷூ ஞாபகம் வந்தது. காலையில் எனக்குப் பள்ளி, மதியம் உனக்கு. நான் ஓடி வந்து வாசலில் கழற்றி வீசினால், சூடு ஆறாமல் நீ மாட்டிக்கொண்டு ஓடுவாய். ஒருநாள் உள்ளே தவளை வைத்தேனே, மறந்திருக்க மாட்டாய். நான்தான் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

எங்கள் போன்களை சைலன்சர் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். உன் வீட்டுப் போன் அத்தானின் பஞ்சர் கடையில் இருக்கிறது. ஆகவே இந்தக் காலத்தில் தபால்தலையை நக்கும் கடைசி அக்காவும் தம்பியும் நாம்தான். பெருமையோடு நக்குவோம்.

இருபது முடிகளுடன்,
உன் தம்பி


ஜனவரி 19

வாலுத் தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், உன் காதையும் பார்த்துக்கொள். உன் மருமகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. முடி இன்னும் வரவில்லை, பல் இரண்டு வந்திருக்கிறது. அத்தானின் சுண்டு விரலைக் கடித்துப் பரிசோதித்துவிட்டாள்.

தவளையை வைத்தது நீதான். ஷூவை நான் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தேன், உள்ளே எதுவோ தொப்பென்று மோதியது. அன்றைக்கு அம்மா நம்மைத் திட்டவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்தவள், தவளையைப் பார்த்ததும் நம் இரண்டு பேரையும் விட அதிகமாகத் துள்ளிக் குதித்து அதைத் துரத்தினாள். அப்போது அவளுக்கு என்ன வயது என்று நேற்று கணக்குப் போட்டேன். இருபத்திநாலு. பள்ளி வாசலில் நின்றால், "உங்க அக்கா வந்திருக்காங்க" என்று என்னிடம் சொல்வார்கள்.

ஒரு நல்ல செய்தி. இங்கே பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் என்னைப் போன்ற அம்மாக்களுக்கு மதிய வகுப்பு நடத்துகிறார்கள். பக்கத்து அறையில் தொட்டில் கட்டி ஓர் ஆயா பார்த்துக்கொள்கிறாள். ஜூனில் சேரலாம், விட்ட இரண்டு வருடத்தையும் முடித்துவிடலாம். ஒரு அம்மாவுக்கு ஒரு தொட்டில், அவ்வளவுதான் இடம்.

குழந்தையை எடை போட மருத்துவ நிலையத்துக்குப் போயிருந்தேன். நர்ஸ் அக்கா, "வகுப்புல சேரப் போறியா? சந்தோஷம். அடுத்தது எப்பன்னு யோசிச்சியா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "போன வருஷம் பதினோரு பேர் சேர்ந்தாங்க. நாலு பேர் பாதியிலயே ரெண்டாவது வயித்தோட நின்னுட்டாங்க. யாரும் வேணும்னு பண்ணலை. யாரும் பேசலை, அவ்வளவுதான்."

அத்தை, "பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்கிறார். அது முதல் ஆறு மாதம், வேறு ஆகாரமே கொடுக்காதவரை மட்டும்தான் என்று நர்ஸ் அக்கா சொன்னாள். கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குச்சி வைத்தால் மூன்று வருடத்துக்குக் கவலை இல்லையாம். வேண்டுமென்றால் எடுத்துவிடலாம். கையெழுத்து நான் போட்டால் போதும். ஆனால் அத்தானுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு எதை ஒளிப்பது? சொல்லவும் வாய் வரவில்லை.

இதை எல்லாம் உனக்கு எழுதுவதா என்று இரண்டு முறை கிழித்தேன். ஒரே தொட்டிலில் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாகப் படுத்தவர்கள் நாம். வேறு யாரிடம் சொல்வது?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் அடுத்த பத்திக்குத் தாவுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் போர்வைக்குள் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது உன் தம்பி ஒரு பெரிய மனிதன். முடிவு எடுத்துவிட்டேன். அத்தானிடம் நான் பேசுகிறேன். கடைக்கே ஒரு கடிதம். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை. நான் பேனாவை எடுத்தால் கல்லும் கரையும், சைலன்சரே ஒருமுறை என் மன்னிப்புக் கடிதத்தைப் படித்துக் கண் துடைத்தார். (தும்மல் என்று எதிரிகள் சொல்வார்கள்.)

அம்மாவின் வடிவியல் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? உள்ளே மூடியில் அவள் பெயரும் "பத்தாம் வகுப்பு அ" என்றும் ஊசியால் கீறியிருக்கும். அதில் நான் வண்டு வளர்த்தேன். அவள் பார்த்துவிட்டு, "காம்பஸை மட்டும் வெளிய எடுத்து வெச்சுட்டு வளர்த்துக்கோடா" என்றாள். அந்த காம்பஸை வைத்து அவள் கடைசியாக என்ன வட்டம் போட்டிருப்பாள் என்று யாருமே கேட்டதில்லை.

கவலையை என்னிடம் விட்டுவிடு. நீ தொட்டிலுக்குத் துணி தை.

உன் வக்கீல்


பிப்ரவரி 10

தம்பி,

நாங்கள் நலம். தயவுசெய்து எழுதாதே. அவர் கூச்சப்படுவார். மூன்று முறை நானே பேச்சை எடுத்தேன். முதல் முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டாவது முறை டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த டியூபில் பஞ்சரே இல்லை. மூன்றாவது முறை நான் வாயைத் திறந்ததும் அத்தை வந்துவிட்டார்.

நல்ல மனிதர், உனக்கே தெரியும். இந்த விஷயத்தை யாரும் அவரிடம் பேசியதில்லை, அவருக்குப் பேசத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

எழுதாதே. எழுதியே தீருவாய் என்றால் மரியாதையாக எழுது. மீசையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது.

அக்கா


பிப்ரவரி 28

வணக்கத்திற்குரிய அக்கா,

உடல்நலம் விசாரிக்கிறேன், குறிப்பாக மருமகளின் பற்களை.

அனுப்பியாகிவிட்டது! நாலு பக்கம், இருபுறமும். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை, முதல் பக்கம் முழுக்க "தாங்கள்" மட்டும்தான். இரண்டாம் பக்கத்தில் படிப்பு. மூன்றாம் பக்கத்தில் எடுத்துக்காட்டுகள். நாலாம் பக்கத்தில் படிப்பவர் அழுவார். அறையில் உள்ள ஐந்து பேருக்கும் வாசித்துக் காட்டினேன் (விஷயத்தைச் சொல்லாமல், தொனியை மட்டும்). கைதட்டல்.

அத்தான் உடனே ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்காதே. ஆண்கள் இதை மனதுக்குள் ஊறவைப்பார்கள். நீயும் அவரிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் வேலை செய்யாது. மாத்திரை போட்டுவிட்டு வயிற்றை ஆட்டக் கூடாது என்பார்களே, அதுமாதிரி.

சலவைக்கூடத்துக் கனவு ஒன்று வந்தது. ஈரப் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்க, நடுவில் நாம் மூன்று பேரும் கண்ணாமூச்சி. அப்பா லாரியோடு போய்விட்டால் வாரக்கணக்கில் நாம் மூன்று பேர்தானே. அம்மா எப்போதும் ஒரே விரிப்பின் பின்னால்தான் ஒளிவாள், கால் வெளியே தெரியும். ஒருநாள் போய்ப் பிடித்தால் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் "அவுட்!" என்று கத்தினேன். நீ என் வாயைப் பொத்தினாய். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இப்படிக்கு,
நாலு பக்க நாயகன்


மார்ச் 30

அக்கா,

நான் சுகம். நீ? ஒரு மாதமாகப் பதில் இல்லை. நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? மருமகளுக்கு உடம்பு சரியில்லையா?

வேடிக்கையாக ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. படிக்கட்டு இந்த முறை தண்டனை இல்லாமலேயே துடைத்தேன். சைலன்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

ஒரு வரி போதும்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

உன்னைப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள். குழந்தை நலம். நானும் நலம்தான், இப்போது.

மார்ச்சில் எனக்கு நாள் தள்ளிப்போனது. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு நாள். யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் வராது என்று எழுதவில்லை. வகுப்புக்கு வாங்கி வைத்திருந்த நோட்டுகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், அத்தையின் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அந்த நாட்களில் அம்மாவைத்தான் அதிகம் நினைத்தேன். நாம் ஆடிய ஆட்டம் எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது, அவளைவிட நல்ல கூட்டாளி நமக்குக் கிடைத்ததே இல்லை. ஆனால் அவள் நம்மோடு ஸ்கிப்பிங் ஆடியது நமக்காக மட்டும் இல்லை, தம்பி. அவளுக்கே ஆடும் வயது இன்னும் முடிந்திருக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் அக்கா சோதனை செய்துவிட்டு, "இல்லை. சத்துக் குறைவு, பயம், ரெண்டும் சேர்ந்து தள்ளியிருக்கு" என்றாள். அழுதுவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்து, "அழுதது போதும். இப்ப யார்கிட்ட என்ன பேசப்போற?" என்று கேட்டாள்.

நேராகக் கடைக்குப் போனேன். குழந்தை இடுப்பில். அவர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு நாளையும் சொன்னேன். "எனக்கு இப்ப இன்னொண்ணு வேண்டாம். இவளை வளர்க்கணும், நான் படிக்கணும். அப்புறம் நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணலாம். இப்ப வேண்டாம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

உன் கடிதம் அவருக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. நீ சொன்னபடி கேட்கவும் இல்லை.

அக்கா


மே 3

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், நிஜமாகவே நலம்.

நான் கடையில் பேசிப் பதினைந்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அத்தான் கடையைத் திறக்காமல் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். "வா, போலாம். அந்த நர்ஸம்மா எப்ப வரைக்கும் இருப்பாங்க?" என்றார். அவ்வளவுதான்.

பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். நடுவில் இவர் ஒருத்தர், மடியில் மகளோடு, முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி. நர்ஸ் அக்காவிடம் இரண்டே கேள்வி கேட்டார். "கை வலிக்குமா? தண்ணி தூக்கலாமா?" என்பது ஒன்று. "எடுத்துட்டா பிற்பாடு குழந்தை பொறக்குமா?" என்பது இரண்டு. அவள் பொறுமையாகச் சொன்னாள். குச்சியை வைத்தாகிவிட்டது. இரண்டு நாள் அவரே தண்ணீர் தூக்கினார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "அம்மா, மூணு வருஷத்துக்கு இதைப் பத்தி அவகிட்ட கேக்காதீங்க. கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க" என்றார். நோட்டுகளை மேல்தட்டிலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுத்தார், நாற்காலி போடாமலேயே.

உன் நாலு பக்கம் வேலை செய்துவிட்டது, தம்பி. எப்படி நன்றி சொல்வது?

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் அத்தனையும் சொன்னபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ எழுதியது அவருக்குள் போயிருக்கிறது. நடந்தது நல்லதுதான். ஆனால் துணி மடிக்கும்போது சில சமயம் கை நின்றுவிடுகிறது. என் வார்த்தைக்கு எடை இல்லையோ என்று.

பரவாயில்லை. நடந்ததே, அது போதும்.

அக்கா


மே 14

அக்கா,

உடல்நலம் எல்லோருக்கும் பிரமாதம் என்று அறிந்து மகிழ்ச்சி.

நன்றியை ஏற்றுக்கொண்டேன். மாலை, மேளம் எதுவும் வேண்டாம். விடுதி வாசலில் ஒரு சின்னச் சிலை, பேனாவோடு, அது போதும். அறை நண்பர்கள் தங்கள் அக்காக்களுக்காக என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்த வாரம் விடுமுறை, அம்மாவிடம் போகிறேன். வேறு விசேஷம் இல்லை. கடிதம் சிறியதாக இருக்கிறது, பேனாவில் மை தீர்ந்துகொண்டிருக்கிறது.

தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா எப்படி இருக்கிறாள்?

வகுப்பு தொடங்கிவிட்டது. எங்கள் அறையின் கரும்பலகையில் ஒரு மூலை உடைந்திருக்கிறது, டீச்சர் அதைச் சுற்றி வளைத்து எழுதுகிறார். பக்கத்து அறையில் யார் குழந்தை அழுதாலும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறோம். என் மகள் அழுவதில்லை. மற்ற தொட்டில்களை எட்டி உதைக்கிறாள். யாருடைய ரத்தம் என்று தெரிகிறது.

நேற்று நர்ஸ் அக்கா வகுப்புக்கு வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் நான் எப்படி வீட்டில் பேசினேன் என்று சொல்லச் சொன்னாள். நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். "நான் பேசினேன், ஆனா அதுல ஒண்ணும் ஆகலை. என் தம்பி லெட்டர் எழுதினான். அதுக்கப்புறம்தான் அவர் வந்தார்" என்றேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். பதினாறு வயது, மடியில் மூன்று மாதக் குழந்தை. அதுவரை என்னையே கவனித்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்: "எனக்குத் தம்பி இல்லையேக்கா. நான் என்ன பண்றது?"

உட்கார்ந்துவிட்டேன். அவள் நாளைக்கும் வருவாள், அதே இடத்தில் உட்காருவாள். உன் கடிதத்தில் என்ன எழுதினாய் என்றாவது சொல். அவள் கணவனுக்கு யாரையாவது வைத்து எழுதச் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

நான் நலமில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். "அன்புள்ள அத்தானுக்கு." அவ்வளவுதான் எழுதினேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஐந்து தாள் எடுத்தேன், ஐந்திலும் அதேதான். நாலு பக்கம் இல்லை, கைதட்டல் இல்லை, அனுப்பவும் இல்லை. அத்தானிடம் கேட்காதே என்று உனக்கு எழுதினேனே, அது மருத்துவம் இல்லை, மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயம்.

முதலில் கூச்சத்தால்தான் நின்றது. பிறகு வேறு ஒன்று. உனக்கும் எனக்கும் பதினாலு மாதம்தான் வித்தியாசம். இரண்டாவது உடனே வேண்டாம் என்று இரண்டாவதே எப்படி அக்கா எழுதுவது?

சின்ன வயதில் ஒன்று என் காதில் விழுந்தது, உன்னிடம் சொன்னதில்லை. சலவைக்கூடத்தில் விரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அம்மா இஸ்திரி போடும் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரியவ வந்தப்பகூட திரும்பப் பள்ளிக்கூடம் போயிடலாம்னுதான் இருந்தேன். இடம்கூட வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள சின்னவன் வந்துட்டான்." சொல்லிவிட்டு என் காலைப் பார்த்துவிட்டாள். விரிப்பை விலக்கி, விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். நான் சிரித்தேன். அன்றிலிருந்து சிரிக்கவைப்பதே என் வேலை ஆகிவிட்டது.

விடுமுறையில் போனபோது கேட்டேவிட்டேன். "என்னாலதானே நீ படிக்கலை?" அவள் துணியை உதறிக்கொண்டே, "போடா லூசு. நீ வேண்டாம்னு ஒரு நாளும் நினைச்சதில்லை. கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைத் தவிர நீ எங்கடா லேட்டா போயிருக்கே?" என்றாள். சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து மடித்தோம். நடுவில் வந்து சேரும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

உன் மே மாதக் கடிதம் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். உன் கை நின்றுபோகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குச் சிலை வைக்கச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அத்தானுக்கு யாரும் எழுதவில்லை. யாரும் அவரிடம் பேசவில்லை, உன்னைத் தவிர. நீ கடையில் நின்று சொன்னதைத்தான் அவர் பதினைந்து நாள் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை அவரைச் சட்டை மாற்ற வைத்தது உன் பேச்சு மட்டும்தான்.

கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் நாளைக்கே போய்ச் சொல். தம்பி இருந்தவளுக்கும் தம்பி உதவவில்லை என்று சொல். குரல் நடுங்காமல் நீ பேசியதை, வரிக்கு வரி, முதலிலிருந்து சொல். அதைக் கேட்க எனக்கும் ஆசைதான்.

குழந்தைக்கு முத்தம். அத்தானுக்கு என் வணக்கம். தனியாக எழுதவில்லை, நீயே நேரில் சொல்லிவிடு. அவருக்குக் கடிதம் எழுத எனக்குத் தெரியாது.

உன் தம்பி